கல் மாதிரி விழாது

இந்தத் தடவை பதிவு நீண்டுவிட்டது. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படிக்கலாம். ஆனால் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். அதைத் தீர்க்கத்தான் எழுதுகிறேன்.

2025 நவம்பர் கடைசி வாரம். பெரிய கடைவீதியில் ஒரு வேலை முடித்துவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் வண்டிக்காக நின்றிருந்தேன். வெளியூர் வண்டிகள் பலவும் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன என்கிறார்கள். சத்திரத்தில் கூட்டம் மட்டும் குறைந்தபாடில்லை. "டீச்சர்!" என்று ஒரு குரல். திரும்பினால் துறையூர் வண்டியின் டிரைவர் சீட்டிலிருந்து ஒருவன் குதித்து ஓடி வருகிறான். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. 1994 செட். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அந்த செட்டில் இருந்தவர்களுக்குப் பெயர் இல்லாமலே ஆளைத் தெரிந்துவிடும். கடைசி பெஞ்ச்சில் உட்கார்ந்து, பாடம் முடியும் நேரத்தில் சரியாக ஒரு கேள்வி கேட்பானே, அவன்தான்.

நலம் விசாரிக்கவில்லை. எடுத்தவுடனே, "டீச்சர், பேப்பர்ல படம் பார்த்தீங்களா? ரோட்டுல நிக்குதே" என்றான்.

பார்த்திருந்தேன். நவம்பர் 13 அன்று, சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறிய பயிற்சி விமானம், திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை பக்கம் அம்மாசத்திரத்தில் இறங்கிவிட்டது. செஸ்னா 172 என்ற ரகம். உள்ளே இரண்டு பேர். இருவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. ரோட்டில் போனவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் இறங்க நேர்ந்தது என்பதை அதற்கென்று இருப்பவர்கள் விசாரிப்பார்கள். நான் அதைப் பற்றி எழுத வரவில்லை.

"அது இருக்கட்டும், உனக்கு என்னடா ஆச்சு?" என்றேன்.

அவனுடைய மகள் விமானம் ஓட்டப் படிக்கிறாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு ஏக்கர் நிலத்தை விற்று, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் கொஞ்சம் கொடுத்து, வெளியூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்திருக்கிறான். அவளும் அதே செஸ்னா 172 ரகத்தில்தான் பறக்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து இவனுக்குத் தூக்கமில்லை. நாலு நாள் லீவில் வந்த பெண்ணைத் திரும்ப அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டான்.

"போதும்னு சொல்லிட்டேன் டீச்சர். வாங்குன கடனை நான் வண்டி ஓட்டி அடைச்சுக்கறேன். அவ சொல்றா, இன்ஜின் நின்னாலும் இறக்கிடலாம்ப்பான்னு. என்னை ஏமாத்தப் பார்க்கிறா. நீங்கதானே டீச்சர் அன்னைக்கே சொன்னீங்க, இன்ஜின் நின்னா கல்லு மாதிரி விழும்னு."

நான் சொன்னேனா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. பெர்னௌலி தேற்றம். விமான இறக்கையின் படம் போட்டு முடித்திருந்தேன். மணியடிக்க இரண்டு நிமிஷம். இவன் எழுந்து, "மிஸ், மேல போகும்போது இன்ஜின் நின்னுட்டா?" என்றான். போர்ஷன் பாக்கி இருந்த எரிச்சலில், "கல் மாதிரி கீழே விழும், உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன்.

31 வருஷம் ஒருவன் மனதில் அந்த வாக்கியம் அப்படியே கிடந்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த ஓம் விதி கிடக்கவில்லை, லென்ஸ் சூத்திரம் கிடக்கவில்லை, இது கிடந்திருக்கிறது. இப்போது அதை வைத்து ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்க்கிறான்.

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா. நான் பேசறேன்" என்றேன். அவன் வண்டி மறுநாள் மதியம் 2.40-க்கு உள்ளே வந்து 3.25-க்குக் கிளம்பும். நடுவில் முக்கால் மணி நேரம்.

அந்தப் பெண்ணுக்கு 20 வயது. அப்பா மாதிரியே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். துறையூர் வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்து பெஞ்ச்சில் நான் நடுவில், ஆளுக்கு ஒரு பக்கம் அவர்கள். பெரிய மனுஷி மாதிரி நான் ஆரம்பித்தேன். இறக்கையின் மேல்பக்கம் வளைவாக இருக்கிறது, அதனால் மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகிற காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமென்பதால் அது வேகமாக ஓடுகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும், அதனால்தான் இறக்கை மேலே தூக்கப்படுகிறது... உங்களுக்கெல்லாம் மனப்பாடமாக இருக்குமே, அதே பாட்டு.

அவள் தயங்கித் தயங்கி, "டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு எந்த விதியும் இல்லையே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், ஆமாம், என்ன விதி? பிரிந்து போன இரண்டு காற்றுத் துகள்கள் ஏன் மறுபடி சந்திக்க வேண்டும்? காத்திருக்க அவை என்ன அண்ணன் தம்பியா? உண்மையில் மேலே போகும் காற்று கீழே போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். மேலே அழுத்தம் குறைவு என்பதும், காற்று வேகமாகப் போகிறது என்பதும் சரி. அதற்கு நான் சொன்ன காரணம்தான் தப்பு. இறக்கை கொஞ்சம் சாய்வாகக் காற்றைச் சந்திக்கிறது, காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. நான் அதைப் பதினொன்றாம் வகுப்பில் ஒருவிதமாகவும், இறக்கையைப் பன்னிரண்டில் வேறுவிதமாகவும் நடத்தி, இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. வளைவுதான் காரணம் என்றால் தலைகீழானதும் அது கீழே அல்லவா இழுக்க வேண்டும்!

ஆக, பிள்ளைகளே, அந்த நோட்டு யாரிடமாவது இன்னும் இருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள். உங்களில் ஏழெட்டுப் பேர் இன்று இயற்பியல் வாத்தியார்கள். நீங்களும் அதைத்தான் நடத்திக்கொண்டிருப்பீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, கதைக்கு வருகிறேன். பக்கத்தில் ஒரு நகைக்கடை நோட்டீஸ் கிடந்தது. அதை எடுத்து விமானமாக மடித்தாள். "இதுல இன்ஜின் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வீசினாள். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு நாலடி மேலே போய், அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பொத்தென்று விழுந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற பார்வை.

அவள் பதறவில்லை. "டீச்சர், ஒரு ஊக்கு இருக்கா?" என்றாள். புடவைத் தலைப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அதை விமானத்தின் மூக்கில் மாட்டி மறுபடி வீசினாள். இந்தத் தடவை மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் போய், வாழைப்பழ வண்டிக்குப் பக்கத்தில் மெதுவாகத் தரையைத் தொட்டது. ஒரு சின்னப் பையன் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான்.

"முதல்ல விட்டது விழுந்துச்சு. இது விழல, இறங்குச்சு" என்றாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் ஓடத்துறைப் பாலத்தில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை. ஏறும்போது சேர்த்த உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்கிறோம். இன்ஜின் நின்ற விமானமும் அதையே செய்கிறது. உயரம்தான் அதன் பெட்ரோல். செஸ்னா 172 இன்ஜின் இல்லாமல் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் ஒன்பது மீட்டர் முன்னே போகும். நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. அதைப்போல் பதின்மூன்று கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் 3000 அடி வரும். அந்த உயரத்தில் இன்ஜின் நின்றால் எட்டு கிலோமீட்டர் போகலாம். கையில் நாலு நிமிஷம் இருக்கும்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் பக்கம், அவர்கள் கணக்கில் 65 நாட், இருக்க வேண்டும். குறைந்துகொண்டே போய் 90-ஐ நெருங்கினால், இறக்கையின் மேல் ஒட்டிப் போகிற காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். இறக்கை அப்போது வெறும் தகடு. அதற்குப் பெயர் ஸ்டால். ஊக்கு இல்லாத காகித விமானத்துக்கு நடந்தது அதுதான். தரை நெருங்கி வருவதைப் பார்க்கும் மனுஷனுக்குக் கை தானாகப் பிடியைப் பின்னால் இழுக்கும், மூக்கைத் தூக்கும், இன்னும் கொஞ்ச தூரம் போய்விடலாம் என்று ஆசைப்படும். தூக்கினால் வேகம் போகும். வேகம் போனால் அப்போதுதான் கல். பயந்தவன் கை செய்வதற்கு நேர் எதிராக, மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரையைப் பார்த்துப் போனால்தான் பிழைக்க முடியும்.

அப்பன்காரன் இதைக் கேட்டு முதல்முறையாக வாயைத் திறந்தான். "பச்சமலை இறக்கத்துல பிரேக் பிடிக்காமப் போனா இப்படித்தான் டீச்சர். புதுசா வந்தவன் பிரேக்கையே மிதிமிதின்னு மிதிப்பான். கியரைக் குறைக்கணும்னு தோணாது. கால் அங்கேயேதான் போகும்."

"அதேதாம்ப்பா" என்றாள் அவள்.

மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடித்த பிறகு இறங்க ஓர் இடம் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் இன்ஜின் ஏன் நின்றது என்று பார்ப்பது. பெட்ரோல் எந்த டேங்கிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க் இருக்கிறது. இன்ஜினுக்குப் போகும் காற்று–பெட்ரோல் கலவை, தீப்பொறி சுவிட்ச், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கை தொட்டுக்கொண்டே போக வேண்டுமாம். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. கார்புரேட்டரில் பனி உறைவது. திருச்சி வெயிலில் பனியா என்று சிரித்தேன். ஆனால் கணக்கு சரியாக வருகிறது. காற்று குறுகலான கழுத்து வழியே பாயும்போது குளிர்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல இன்னும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். வெளியே 25 டிகிரி, மழைக்காலப் புழுக்கம் என்றால் உள்ளே பனி படிந்து இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும். இதற்கென்று ஒரு பிடி இருக்கிறது. இழுத்தால் புகைக்குழாயின் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே வரும். புகைக்குழாய் ஆறுவதற்குள் இழுக்க வேண்டும், தாமதித்தால் பயனில்லை.

பேச்சு கடைசியில்தான். "முதல்ல ஓட்டு, அப்புறம் வழி பாரு, அப்புறம்தான் பேசு" என்பது அவர்கள் மந்திரம். 121.5 என்ற அலைவரிசையில் மேடே, மேடே, மேடே என்று மூன்று தடவை சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களின் 'எனக்கு உதவுங்கள்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. நம் ஊரில் எது நடந்தாலும் முதலில் போனை எடுத்து நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் கையைக் காலை அசைப்போம்.

பெட்ரோல் என்றதும் எனக்குப் பிடித்த கதை ஞாபகம் வந்தது. 1983 ஜூலை 23. கனடாவில் ஒரு போயிங் 767, 69 பேரோடு 41,000 அடியில் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. சுத்தமாகப் பெட்ரோல் இல்லை. அதில் பெட்ரோல் காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. கீழே கையால் அளந்து கணக்குப் போட்டுத்தான் அனுப்பினார்கள். நாடு அப்போது கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டரை எடையாக மாற்ற 0.8-ஆல் பெருக்குவதற்குப் பதில், பவுண்டுக்கான 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டுதான் இருந்தது, பாதிக்கும் குறைவு. கேப்டன் ராபர்ட் பியர்சன் இன்ஜினே இல்லாத கிளைடர்களை ஓட்டிப் பழகியவர். அந்தப் பெரிய விமானத்தைக் கிளைடராகவே ஓட்டி, கிம்லி என்ற ஊரில் கார் பந்தயத்துக்கு விட்டிருந்த பழைய ஓடுதளத்தில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். விடையில் வெறும் 20 என்று எழுதியவர்களிடம் "20 என்ன? மாடா, மூட்டையா?" என்று கேட்டு அரை மார்க் குறைத்தேனே, அதற்காக இன்னும் என்மேல் கோபமாக இருப்பவர்கள் இந்தக் கதையை இன்னொரு தடவை படிக்கலாம். அந்த அரை மார்க்கை மட்டும் நான் திருப்பித் தருவதாக இல்லை.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அவன் மகளிடம் நேராகக் கேட்டான். "சரி, இப்ப இந்தச் சத்திரத்துக்கு நேர் மேல 3000 அடியில நிக்கிறே. இன்ஜின் போயிடுச்சு. எங்க இறக்குவே?"

"ஏர்போர்ட் எட்டு கிலோமீட்டர் பக்கம் இருக்குப்பா. கணக்குல எட்டும். ஆனா எதிர்க்காத்து இருந்தா எட்டாது. எட்டாமப் போனா கீழ பூரா வீடு. நான் அங்க போக மாட்டேன்."

"காவிரி?"

"தண்ணி ஓடுது."

"கொள்ளிடத்து மணல்?"

"பொசபொசன்னு இருந்தா முன் சக்கரம் புதைஞ்சு குப்புற அடிச்சிடும். வயல்தான்பா நல்லது. ஆனா தண்ணி நிக்கிற வயல் வேண்டாம். வாழைத்தோப்பு வேண்டாம். கரண்ட் கம்பி மேலேயிருந்து கண்ணுக்கே தெரியாது, கம்பத்தைத்தான் தேடணும். பாதை அகலமா, காலியா இருந்தா ரோடும் சரிதான். நார்த்தாமலை பக்கமெல்லாம் பாறை. அவங்களுக்கு ரோடு கிடைச்சிருக்கு."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். நம்பர் ஒன் டோல்கேட் தாண்டினால் இரண்டு பக்கமும் கட்டடம், அங்கே ஆகாது. மண்ணச்சநல்லூர் சுற்றிலும் இப்போது சம்பா நிற்கிறது, காலெல்லாம் சேறு. திருவெள்ளறைக்கு முன்னால் இடது கைப்பக்கம் ஒரு நீளத் தரிசு இருக்கிறது. அதில் ஒரு ஓரமாகத்தான் கம்பம் போகிறது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம், ஆனால் சாயங்காலத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள். இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை போய் வருகிற ரோடு. ஒவ்வொரு பாத்தியும் அவன் தலைக்குள் இருக்கிறது.

"உனக்கு எதுக்குடா இதெல்லாம் தெரியுது?" என்றேன்.

"பிரேக் போனா எங்க ஒதுக்கலாம்னு பார்த்துக்கிட்டேதான டீச்சர் ஓட்டறோம்."

அவள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கும் அதுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். பறக்கும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இப்போ நின்றால் எங்கே, இப்போ நின்றால் எங்கே என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவன் விடவில்லை. "வாயால சொல்றது சரி. கை நடுங்காதா?"

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பயிற்சியில் சொல்லாமல் கொள்ளாமல் ஆசிரியர் த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்துவிடுவாராம். சத்தம் அடங்கிவிடும். முதல் தடவை இவள் உறைந்துபோனாள். பிறகு பிடியை மார்போடு இழுத்துக்கொண்டாள். "மூக்கைத் தூக்கிட்டேன்பா. ஸ்டால் வருதுன்னு ஹாரன் கத்த ஆரம்பிச்சிடுச்சு. சார்தான் பிடியைத் தள்ளினாரு. அன்னைக்கு ரூமுக்கு வந்து அழுதேன். உங்ககிட்ட சொல்லல."

அவன் முகம் கறுத்துவிட்டது. எனக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

"அப்புறம்?" என்றான்.

"ரெண்டாவது தடவை தள்ளினேன். ஆனா தப்பான வயலைப் பார்த்துட்டேன். மூணாவது தடவை வயல் சரி, ரொம்ப உயரமா வந்துட்டேன். இப்ப ஒரு நாப்பது தடவை ஆகியிருக்கும். இப்ப சத்தம் அடங்கினா கை தானா முன்னாடி போகுது."

"கிளம்பின உடனே நின்னா? மேல போகவே இல்லையே?"

இதுதான் ரொம்ப ஆபத்தானது என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஐந்நூறு அடியில் நின்றால் பின்னால் இருக்கிற ஓடுதளத்துக்குத் திரும்பிவிட மனசு துடிக்கும். திரும்பக் கூடாது. வட்டமடித்து அதே கோட்டுக்கு வர 180 டிகிரி போதாது, இன்னும் கூடுதலாகத் திரும்ப வேண்டும். அதற்குள் உயரம் தீர்ந்துவிடும். போதாததற்கு, சாய்ந்து திரும்பும்போது இறக்கை கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டும். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் பாரம் இரண்டு மடங்கு; ஸ்டால் ஆகும் வேகமும் நாற்பது சதவீதம் கூடிவிடும். பத்திரமாக இருந்த அதே வேகம் பத்தாமல் போய்விடும். அதனால் எதிரே, கொஞ்சம் இடமோ வலமோ, என்ன கிடைக்கிறதோ அதில்தான் இறக்க வேண்டும். முள்ளுக்காடானாலும் சரி.

"முள்ளுக்காட்டுல இறக்கினா வண்டி என்னாகும்?"

"வண்டி போகும்பா. வண்டியைப் பத்தி நினைக்கக் கூடாதுன்னுதான் முதல் நாளே சொன்னாங்க."

இங்கே என் கணக்கும் கொஞ்சம் உதவியது. தரையைத் தொடும்போது மணிக்கு 110 கிலோமீட்டரில் இருப்பதற்கும் 80-இல் இருப்பதற்கும் ஆற்றலில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம், வேகத்தின் வர்க்கம் அல்லவா. அதனால்தான் காற்றை எதிர்த்து, ஃப்ளாப்பை இறக்கி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தொடுகிறார்கள். 80-இல் தொட்டு, பதினைந்து மீட்டருக்குள் சீராக நின்றுவிட்டால்கூட உடம்பின்மேல் வரும் விசை நம் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. தோள் பெல்ட் போட்டவர் அதைத் தாங்குவார். தொடுவதற்கு முன் பெட்ரோலை மூடிவிடுவார்கள், மின்சாரத்தை அணைப்பார்கள். கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பார்கள். மோதலில் சட்டம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.

இதை நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவன் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் எழுதி முடித்ததும், "அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. உனக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருக்கணும். மணியடிக்கப் போகுதுன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன்" என்றேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ அறிவுரை சொல்லியிருக்கிறேன். ஒரு மாணவனிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"விடுங்க டீச்சர்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

டைம் கீப்பர் விசிலடித்துவிட்டார். கண்டக்டர் படியில் தட்டினார். அவன் எழுந்து போய் சீட்டில் ஏறினான். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, அனுப்ப மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பி, கொஞ்சம் நகர்த்தி, எங்களுக்கு எதிரே வந்ததும் நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அந்த மண்ணச்சநல்லூர் வயலெல்லாம் அறுப்பு முடிஞ்சு காலியாக தை கடைசி ஆயிடும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வந்து பறக்காத."

"நாங்க இந்தப் பக்கமே வர்றதில்லப்பா!"

"சரி, சொன்னேன். திங்கக்கிழமை உனக்கு எத்தனை மணிக்கு பஸ்சு?"

அவள் காலை ஐந்தரைக்கு என்றாள். பின்னால் நின்ற லால்குடி வண்டி ஹாரன் அடித்தது. அவன் கையை நீட்டி அந்தக் காகித விமானத்தைக் கேட்டான். அவள் ஓடிப்போய்க் கொடுத்தாள். முன் கண்ணாடிக்குக் கீழே, சமயபுரத்தாள் படத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு போய்விட்டான். என் ஊக்கும் அதோடு போனது. தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டேதான் அன்று ஸ்ரீரங்கம் வரைக்கும் நின்றுகொண்டு வந்தேன்.